ஸ்டீரியோ: சொல்லில் இரண்டு இல்லை

‘ரெண்டு மைக் வெச்சா ஸ்டீரியோ’ என்பது மைக்செட் கட்டுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இரண்டு எங்கும் இல்லை. கிரேக்கத்தில் ‘ஸ்டெரியோஸ்’ என்றால் கெட்டியான, திண்மையான என்று பொருள். கொலஸ்டிராலுக்குள் ஒளிந்திருப்பதும் இதே வேர்தான். அங்கே அது பித்தத்தோடு சேர்ந்த கெட்டி. தட்டையான இரு படங்களைத் திரண்ட பொருளாகக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப்பை ஆங்கிலேய விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் விளக்கினார். ஒலிக்கு இந்த முன்னொட்டு ஒட்டியது பிறகுதான். 1931இல் இருதட ஒலிக்குக் காப்புரிமை கேட்ட ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளும்லைன்கூட ‘பைனாரல்’, அதாவது இருசெவி என்றே எழுதினார்.

ஆகவே ‘இரட்டை ஒலி’ வேரோடு ஒட்டாது. ‘முப்பரிமாண ஒலி’ என்றால் மிகை; இரண்டு ஸ்பீக்கர் உயரத்தைச் சரியாகக் காட்டாது. வேருக்கு நெருக்கமானது ‘திண்ணொலி’. வேலைக்கு உதவுவது ‘இருதட ஒலி’. சேனலை ‘அலைவரிசை’ என்பது வானொலி, டிவிக்குப் பொருந்தும். வயர் வழியே வரும் ஒலிக்குத் ‘தடம்’ போதும். இடத்து மாடு, வலத்து மாடு என்று ஏர் பூட்டிய ஊரில் இடத்தடம், வலத்தடம் யாருக்கும் அந்நியமாகாது.

யாருடைய இடப்பக்கம் என்பதில்தான் குழப்பம். பெண்ணாகரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திடலில் பாரதக் கூத்து நடக்கிறது என்று வையுங்கள். பின்பாட்டு பெஞ்சில் ஆர்மோனியக்காரரின் வலக்கைப் பக்கம், பார்க்கிறவருக்கு இடம். பதிவில் கணக்கு எப்போதும் பார்க்கிறவருடையது.

இந்தக் கூத்தைப் பதிய, ஒரே வகை, ஒரே மாடல் கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியை அதிகம் வாங்குவது) இரண்டு வேண்டும். இரண்டின் முனைகளுக்கும் இடைவெளி 17 செ.மீ., விரிகோணம் 110 பாகை. இது பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த ஓஆர்டிஎஃப் அமைப்பு. ஒலி ஒரு காதைவிட மறு காதுக்குச் சற்றுப் பிந்தி வருவதைப் போல, பக்கவாட்டு ஒலி இங்கே அதிகபட்சம் 0.5 மில்லிநொடி பிந்தும். அந்தப் பிந்தலும் மைக்கின் திசையும் சேர்ந்துதான் முகவீணை எங்கே இருக்கிறது என்று காட்டுகின்றன. ஆடுகளம் 5 மீட்டர் அகலமானால் சுமார் 2.5 மீட்டர் தள்ளி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே ஸ்டாண்டை உயர்த்துங்கள்.

இதில் இடப்பக்க மைக் இடத்தடத்துக்குப் போகும். ஆனால் முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 90 பாகையில் குறுக்கிடவிடும் எக்ஸ்ஒய் அமைப்பில், வலப்பக்கம் உடல் உள்ள மைக்தான் இடப்பக்கத்தைப் பார்க்கும். உடலைப் பார்த்து வயர் செருகினால் கூத்து முழுக்கத் திரும்பிவிடும்.

ரெக்கார்டரில் முதல் இன்புட் இடம், இரண்டாவது வலம். மிக்சர் இருந்தால், ஒலியை இடமோ வலமோ தள்ளும் பேன் குமிழ்களில் ஒன்றை இட ஓரம்வரையும் மற்றதை வல ஓரம்வரையும் திருப்பியாக வேண்டும். நடுவில் விட்டால் இரு தடத்திலும் ஒரே கலவை விழும். அது இரண்டு மைக் வைத்த மோனோ, அதாவது ஒற்றைத்தட ஒலி, அவ்வளவுதான். மின்சாரம் கேட்கும் கண்டென்சர் மைக் என்றால், வயர் வழியே மின்சாரம் தரும் 48 வோல்ட் பேண்டத்தைப் போடுங்கள். நடுவில் ஒருவரை நிறுத்திக் கைத்தாளம் தட்டச் சொல்லி இரு மீட்டரும் சமமாக ஏறும்படி கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) வையுங்கள். உச்சம் −12 டெசிபெல் அருகே நின்றால் போதும். கட்டியக்காரன் திடீரென்று கத்துவதற்கு இடம் வேண்டுமே. பிறகு மைக்கை ஒவ்வொன்றாக விரலால் உரசி, ஹெட்போனில் எந்தக் காதில் கேட்கிறது என்று பாருங்கள்.

கடைசியாக மோனோவாக்கிக் கேட்பதைத் தவிர்க்காதீர்கள். கோயில் குழாய் ஸ்பீக்கரும் பல செல்போன்களும் இரு தடத்தையும் கூட்டித்தான் ஒலிக்கும். நடுவில் நின்று பாடுகிறவர் குரல் அப்போது மெலிந்து, மத்தளத்தின் அடிநாதம் காணாமல் போனால், ஒரு எக்ஸ்எல்ஆர் வயரில் (மூன்று ஊசி மைக் வயர்) 2, 3 ஊசிகள் மாற்றிப் பற்றவைக்கப்பட்டிருக்கலாம். வயரை மாற்றுங்கள், மைக்கைக் குறை சொல்ல வேண்டாம்.