எட்டுப் பேரும் தப்பாகச் சொன்னால்

"குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தீர்மானத்துக்கு எல்லோரும் கையைத் தூக்கினார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஆனாலும் என் கையும் மேலே போய்விட்டது. நான் கோழையா சார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கோழையெல்லாம் இல்லை. பார்த்த மாத்திரத்தில் விடை தெரிகிற கேள்விக்கே தடுமாறியவர்கள் இருக்கிறார்கள்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த சாலமன் ஆஷ், ஏழெட்டு மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து இரண்டு அட்டைகளைக் காட்டினார். ஒன்றில் ஒரே ஒரு கோடு. மற்றதில் வெவ்வேறு நீளத்தில் மூன்று கோடுகள். இந்த மூன்றில் முதல் கோட்டுக்குச் சமமானது எது என்று வரிசையாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனியாகக் கேட்டால் நூற்றுக்கு ஒரு விடைகூடத் தப்பாகாத கேள்வி.

ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் சொல்லிக்கொடுத்து அனுப்பிய ஆட்கள். முதல் இரண்டு சுற்றில் ஒழுங்காகப் பதில் சொன்னவர்கள், மூன்றாவதில் கூசாமல் தப்பான கோட்டைக் காட்டினார்கள். ஒருவர் பின் ஒருவராக, அதே தப்பு. கிட்டத்தட்டக் கடைசியில் உட்கார்ந்திருந்த நம் ஆள் முன்னால் சாய்ந்து அட்டையை உற்றுப் பார்க்கிறார். 18 சுற்றில் 12 சுற்று இந்த நாடகம் நடந்தது. அந்தச் சுற்றுகளில் 36.8 விழுக்காடு விடைகள் கூட்டத்தோடு சேர்ந்து தப்பாயின. பாடப்புத்தகங்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ளும். நான்கில் ஒருவர் ஒருமுறைகூட வளைந்துகொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஏன் வளைகிறோம் என்பதற்கு மார்ட்டன் டாய்ச், ஹரால்ட் ஜெரார்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1955இல் இரண்டு காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, இத்தனை பேர் சொன்னால் அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்ற நினைப்பு. இன்னொன்று, தனித்து நின்று கேலிக்கு ஆளாவானேன் என்ற தயக்கம். வாசகரின் கை தூக்கியது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். வாயால் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னாலே இந்த வகை வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

முதல் வகைதான் ஆபத்தானது, ஏனென்றால் அது கண்ணையே நம்பவைத்துவிடும். போலந்தில் கழிந்த ஆஷின் சின்ன வயதில், யூதர்களின் பாஸ்கா இரவில் எலியா தீர்க்கதரிசிக்கென்று வைத்த ஒயின் கோப்பையைக் கவனித்துப் பார், அளவு குறையும் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். ஆஷுக்கும் அது குறைந்தது போலவே தெரிந்ததாம். 1995 செப்டம்பர் 21 அன்று நாடு முழுக்கப் பிள்ளையார் பால் குடித்தாரே, அதுவும் இதன் உறவுதான். பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து இழுக்கப்பட்ட பால், சிலைமேல் மெல்லிய படலமாக வழிந்தது. பாலில் நிறத்தைக் கலந்து விஞ்ஞானிகள் அதைக் காட்டியும் விட்டார்கள். வரிசையில் நின்றவர்களை நான் பழிக்க மாட்டேன். நிறம் கலந்த பாலைப் பார்த்த பிறகும் அதிசயம் என்று சாதித்தவர்களோடுதான் எனக்குச் சண்டை.

2005இல் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழு எம்ஆர்ஐ கருவிக்குள் ஆட்களைப் படுக்கவைத்து இதே போன்ற சோதனையைச் செய்தது. கூட்டத்தை எதிர்த்துப் பதில் சொன்னபோது, அச்ச உணர்வோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதி சுறுசுறுப்பானது. நல்ல ஆய்வுதான். ஆனால் ஆஷ் அட்டையையும் ஏழெட்டு மாணவர்களையும் வைத்துக்கொண்டே இவ்வளவு தூரம் போனார். கருவி வாங்கக் காசில்லை என்று கைகட்டி உட்கார்ந்திருக்கும் நம் ஊர் உளவியல் துறைகளுக்கு அவரை நினைவுபடுத்தலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் அடுத்துச் செய்ததுதான். எதிரே எத்தனை பேர் இருந்தால் ஒருவர் வளைவார்? ஒரே ஒருவர் என்றால் அநேகமாகக் கண்டுகொள்வதில்லை. இரண்டு பேர் என்றால் 13.6 விழுக்காடு தப்பு. மூன்று பேர் என்றால் 31.8. அதற்கு மேல் ஆட்களைக் கூட்டியும் பெரிய வித்தியாசமில்லை. அப்படியானால் அழுத்துவது தலைகளின் எண்ணிக்கை இல்லை, எல்லோரும் ஒரே குரலில் சொல்வதுதான்.

அந்த ஒரே குரலில் ஒரு விரிசல் விட்டுப் பார்த்தார். சரியான விடை சொல்லும் துணை ஒருவரைக் கூட்டத்துக்குள் வைத்ததும் தப்புகள் நான்கில் ஒரு பங்காகச் சரிந்தன. இதையாவது ஊகிக்கலாம். துணையே இல்லாமல், கூட்டத்தைவிட மோசமான தப்பைச் சொல்லும் ஒருவரை வைத்தபோதும் தப்புகள் 9 விழுக்காட்டுக்கு இறங்கின! அவர் நம் ஆளை ஆதரிக்கவே இல்லை. கூட்டத்தோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவே. பின்னாளில் வெர்னன் ஆலன், ஜான் லெவின் இருவரும் ஒரு படி மேலே போய், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டு, கண் பரிசோதனையில் எல்லோர் முன்னாலும் தோற்ற ஒருவரைத் துணையாக வைத்தார்கள். கண்ணே சரியில்லாத அந்த மனிதரின் துணையும் ஓரளவு வேலை செய்தது.

துணை பாதியில் போனால் என்ன ஆகும் என்றும் ஆஷ் பார்த்தார். ஆறு சுற்று முடிந்ததும் அவர் கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டால், தப்புகள் கிட்டத்தட்டப் பழைய அளவுக்கே எகிறின. அதே ஆள் கல்லூரி டீனைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டால் அவ்வளவு ஏறவில்லை. கொடுத்த தைரியத்தில் கொஞ்சம் அறையிலேயே தங்கிவிட்டது. சோதனை முடிந்ததும் பேசிப் பார்த்தபோது, சோதிக்கப்பட்டவர்கள் அந்தத் துணையின்மேல் தங்களுக்கு ஒரு நெருக்கம் ஏற்பட்டது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவர் இல்லாவிட்டாலும் தாங்கள் சரியாகத்தான் சொல்லியிருப்போம் என்று சாதித்தார்கள்.