டெஸ்லா காயிலை வீட்டு எர்த்தில் மாட்டாதீர்கள்

எஸ்.பி. ரோட்டில் விற்கும் ஒற்றை டிரான்சிஸ்டர் போர்டை டெஸ்லா காயில் (வேக அதிர்வில் மிக உயர்ந்த வோல்டேஜ் உண்டாக்கிப் பொறி பறக்கவிடும் சுருள்) என்று சொல்லலாமா கூடாதா என்று பெங்களூருவில் நம்ம பசங்க மணிக்கணக்கில் வாதாடுவார்கள். 1891-ல் டெஸ்லா செய்ததில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர், பொறி தாண்டும் இடைவெளியான ஸ்பார்க் கேப், கரண்ட் ஊட்டும் சில சுற்று பிரைமரி சுருள், உயர்ந்த வோல்டேஜ் தரும் நிறையச் சுற்று செகண்டரி சுருள் எல்லாம் உண்டு, இரண்டு பக்கமும் ஒரே அலைவரிசைக்கு ட்யூன் ஆகியிருக்கும். இந்தக் குட்டி போர்டில் பிரைமரிக்கு கெப்பாசிட்டரே இல்லை. ஆனாலும் செகண்டரி தன் அலைவரிசையில் அதிர்கிறது, சரி, பங்காளி என்று விட்டுவிடலாம்.

நான் விட்டுக்கொடுக்காத இடம் வேறு. பழைய மைக்ரோவேவ் அவனிலிருந்து பிடுங்கிய டிரான்ஸ்பார்மரில் பொறி வரவைத்து அதையும் டெஸ்லா காயில் என்கிறார்கள். அதில் ஒத்திசைவு எதுவும் கிடையாது, வெறும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், சுமார் 2000 வோல்ட், இதயத்தை நிறுத்துவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு கரண்ட். டெஸ்லா காயில் பொறியை ஆட்கள் கையில் வாங்குவதை வீடியோவில் பார்த்த பையன் அதே தைரியத்தில் இதையும் தொட்டுவிடுவானோ என்பதுதான் என் பயம். டெஸ்லா காயில் பொறி ஷாக் அடிக்காததற்குக் காரணம், அவ்வளவு வேக அதிர்வுக்கு நரம்பு பதில் சொல்வதில்லை என்பது; கரண்ட் தோல்மேலேயே ஓடிவிடுகிறது என்பதெல்லாம் கதை, உள்ளே சதை வேகும். அப்புறம், கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் இருக்கே என்பார்கள். டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் உங்கள் உடம்பு வழியாக ஓடும் கரண்ட் அதன் கண்ணிலேயே படாது.

இனி எர்த். அல்சூரில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள்: கீழ்வீட்டு செட்டாப் பாக்ஸ் அடிக்கடி ஹேங் ஆகுது, இவர்கள் வீட்டு வைஃபை ரூட்டர் செத்தேவிட்டது. மாடியில் காலேஜ் பையன் காயிலின் அடிமுனையை, அதாவது எர்த்தில் சேர வேண்டிய செகண்டரியின் கீழ்முனையை, பிளக் பாயிண்டின் மூணாவது ஓட்டையில் சொருகியிருந்தான். "எர்த்னா எர்த்துதானே அண்ணா" என்றான். 50 ஹெர்ட்ஸுக்கு எர்த்துதான், தம்பி. மாடியிலிருந்து எர்த் பிட் (மண்ணில் எர்த் புதைத்த குழி) வரை இருபது மீட்டர் ஒயர் போனால் அதன் இண்டக்டன்ஸ், அதாவது அதிர்வு வேகம் கூடக்கூடக் கரண்டைத் தடுக்கும் குணம், ஏறக்குறைய 25 மைக்ரோஹென்றி. 50 ஹெர்ட்ஸில் அது ஒரு பொருட்டே இல்லை, காயிலின் 200 கிலோஹெர்ட்ஸில் முப்பது ஓம் தடை. காயிலின் அடியில் சில ஆம்பியர் ஓடும்போது அந்த ஒயரில் நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும், அதே ஒயரில்தான் ஃபிரிட்ஜும் கம்ப்யூட்டரும் தொங்குகின்றன. பழைய வாடகை வீடுகளில் எர்த்தே இல்லாமல் மூணாவது பின்னை நியூட்ரலோடு கட்டி வைத்திருப்பதையும் நிறையப் பார்க்கிறேன், அங்கே இன்னும் மோசம்.

தரைத்தளம் என்றால் ஈர மண்ணில் தனியாகச் செம்புக் கம்பி அடித்து, அகலமான செம்புப் பட்டையால் எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக இழுங்கள். மாடியில் இருப்பவர்கள் காயிலுக்கு அடியில் எர்த்துக்குப் பதிலாகப் பெரிய கம்பிவலை விரித்து அடிமுனையை அதில் கட்டுங்கள். தண்ணீர்க் குழாய், கேஸ் பைப் பக்கம் போகவே கூடாது. அதற்காக, 'தனி எர்த் இருக்கே' என்று காயிலுக்குக் கரண்ட் கொடுக்கும் நியான் டிரான்ஸ்பார்மரின் இரும்பு உடம்பிலிருந்து வீட்டு எர்த்தைக் கழற்றிவிடாதீர்கள். உள்ளே இன்சுலேஷன் போனால் ஃபியூஸை அடிக்க வைப்பது அதுதான், அந்த வேலையைத் தோட்டத்துக் கம்பி செய்யாது.