விமானம் ஏறியதும் மலேரியா மாத்திரையை நிறுத்தாதீர்கள்

வெளிநாட்டிலிருந்து திரும்பும்போதே மலேரியா தடுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டுக் காய்ச்சலோடு வந்த நோயாளி, இந்தக் கோடையில் இது எனக்கு மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

லண்டனில் மருத்துவம் இறுதியாண்டு படிக்கும் மாணவன், வயது 23. தான்சானியாவின் முவான்சாவில் 6 வார எலெக்டிவ் பயிற்சியை (மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த மருத்துவமனையில் செய்யும் பயிற்சி) முடித்து வந்து 12 நாள் ஆகியிருந்தது. (யாரென்று தெரியாமல் இருக்க ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இரண்டு நாளாக 39.5 டிகிரி காய்ச்சல், தலைவலி, உடம்பு முறித்துப்போட்டதுபோல் வலி. வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஃப்ளூ என்று அவனே முடிவு கட்டியிருந்தான்.

"மலேரியா மாத்திரை போட்டாயா தம்பி?"

"ஒரு நாள்கூட விடவில்லை டாக்டர்."

"எதுவரை?"

"கிளம்புகிற அன்று வரை."

அவன் அம்மா பயணப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து அவன் போட்ட தடுப்பு மாத்திரையான டாக்ஸிசைக்ளின் அட்டைகளை எடுத்து என் கையில் வைத்தார். மூன்று அட்டைகள் பிரிக்கப்படவே இல்லை. நான்காவதில் பாதி காலி. எண்ணினேன். 28. ஊர் திரும்பிய பிறகு 4 வாரம் சாப்பிடவேண்டிய மாத்திரைகள் அப்படியே இருந்தன.

ரத்தத்தில் ஃபால்சிபாரம் மலேரியா, மலேரியாவில் மிக ஆபத்தான வகை. நூற்றில் மூன்று சிவப்பணுக்களில் கிருமி, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 58,000-க்கு இறங்கியிருந்தது. ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தை ரத்தக் குழாய் வழியாக ஏற்றினோம். பிழைத்துக்கொண்டான்.

"கொசு அங்கேதானே இருக்கிறது, இங்கே வந்த பிறகு எதற்கு மாத்திரை?" நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட இதையே கேட்கிறார்கள். தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். கொசு கடித்ததும் கிருமி நேரே கல்லீரலுக்குப் போய்விடும். அங்கே ஏறக்குறைய ஒரு வாரம் பதுங்கியிருந்து பெருகும். அந்த நேரத்தில் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. கல்லீரலில் இருக்கும் கிருமியை டாக்ஸிசைக்ளின் முழுதாக அழிக்கும் என்று நம்பமுடியாது. அது ரத்தத்தில் இறங்கிய பிறகுதான் இந்த மாத்திரைக்கு வேலை. புறப்படுவதற்கு முதல் நாள் ராத்திரி, வார்டு நண்பர்களோடு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டபோது கடித்த கொசுவை நினைத்துப் பாருங்கள். அது ஏற்றிய கிருமி உங்களோடுதான் விமானத்தில் வருகிறது. அது ரத்தத்துக்கு வரும்போது மாத்திரை இல்லையென்றால், 6 வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் பயனில்லை.

தடுப்பு மாத்திரைகளில் டாக்ஸிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் திரும்பிய பிறகு 4 வாரம். அட்டோவகுவோன்-புரோகுவானில் கல்லீரலிலேயே கிருமியைத் தாக்குவதால் 7 நாள் போதும். கூடப் போன தோழி 7 நாளில் நிறுத்தினாள் என்று நீங்களும் நிறுத்தாதீர்கள். அவள் சாப்பிட்டது வேறு மாத்திரையாக இருக்கலாம்.

அப்புறம், இலங்கையிலிருந்து வந்த நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு: "மலேரியாவெல்லாம் நம் ரத்தத்துக்குப் பழக்கம், தாத்தாவுக்கே வந்து போயிருக்கிறது." தாத்தாவுக்கு வந்தது பேரனைக் காப்பாற்றாது. இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது. லண்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வரும்? பிரிட்டனில் 2023-ல் மட்டும் 2,000-க்கும் மேற்பட்டோர் வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு வந்தார்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய்ச்சல் வரவில்லையே என்று காத்திருக்காதீர்கள். ஃபால்சிபாரம் அந்தப் புத்தகக் கணக்கைப் பார்ப்பதில்லை. திரும்பி ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே போய் வந்தீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அதோடு விட்டுவிடக் கூடாது, அடுத்தடுத்த நாட்களில் மொத்தம் மூன்று முறை பார்க்கவேண்டும்.

காய்ச்சல் இறங்கிய அன்று சாயங்காலம், அம்மா காப்பி வாங்கக் கீழே போன நேரம் பார்த்து, அவன் இன்னொன்றைச் சொன்னான். கடைசி வாரத்தில் ஆபரேஷன் தியேட்டரில் தையல் ஊசி விரலில் குத்தியிருக்கிறது. கையுறையைக் கழற்றிக் கழுவிவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. "மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டிய வாரம் டாக்டர், பிரச்சினை வேண்டாம் என்று நினைத்தேன்." குத்தி 18 நாள் ஆகியிருந்தது. எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், 24 மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. அந்த மாத்திரை அங்கேயே கிடைத்திருக்கும். இனி அவனுக்கு இருப்பது ரத்தப் பரிசோதனையும் காத்திருப்பும்தான். அந்தக் கட்டில் ஓரத்தில் நிற்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. பிள்ளைகளே, ஊசி குத்தினால் சொல்லுங்கள். கையெழுத்து போடுகிறவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலோ மலாவி ஏரியிலோ குளித்தவர்கள், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், 2, 3 மாதம் கழித்து நத்தைக் காய்ச்சலுக்கான (நன்னீர் நத்தைகள் மூலம் பரவும் ஒட்டுண்ணி நோய்) ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருந்தால் பிராசிகுவான்டெல் மாத்திரையில் சரியாகிவிடும். காசநோய் வார்டில் வேலை பார்த்தவர்கள் கல்லூரியின் பணியாளர் நலப் பிரிவில் அதைப் பதிவு செய்யுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் முன், முவான்சாவுக்குக் கூடப் போன மூன்று பேருக்கும் என் எதிரிலேயே செய்தி அனுப்பச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. இரண்டு பேர் மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். ஒருத்திக்குக் காலையிலிருந்து தலைவலி. இப்போதே கிளம்பி வரச் சொன்னேன்.