ரசம் சாதமும் நாயின் சிறுநீரகமும்

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பால், தயிர், நெய் எதுவும் சேர்க்காத நனிசைவக் குடும்பம். வீட்டில் ஒரு நாட்டு நாயும், மழைநாளில் வாசலில் வந்து ஒதுங்கி அப்படியே தங்கிவிட்ட ஒரு பூனையும் இருக்கின்றன. “நாங்கள் சாப்பிடுவதையே அவற்றுக்கும் வைக்கிறோம். எல்லாமே தாவரம்தானே, இதில் கெடுதல் என்ன இருக்கப்போகிறது? எதை எதைப் பயமில்லாமல் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள்” என்று கேட்கிறார்.

கடிதத்தைப் படித்ததும் என் நினைவுக்கு வந்தது இறைச்சியும் அல்ல, சத்துக் குறைவும் அல்ல. புளி. அதற்குப் போகும் முன் பூனையின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பூனை இறைச்சி தின்பது பழக்கத்தால் அல்ல, அதன் உடல் அமைந்த விதத்தால். டாரின் என்ற பொருளை நம் உடல் தானே தயாரித்துக்கொள்கிறது. பூனையின் உடலால் அது போதிய அளவுக்கு முடியாது. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைகிறது என்று 1975-லும், இதயத் தசை தளர்ந்து போகிறது என்று 1987-லும் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் பூனைக்குத் தெரியாது. ஆகவே பருப்புச் சோறு மட்டும் போட்டுப் பூனையை வளர்ப்பது அதன் கண்ணையும் இதயத்தையும் பணயம் வைப்பது. டாரினை ஆலையில் செயற்கையாகத் தயாரிக்க முடியும். அதைச் சேர்த்த தாவரப் பூனைத் தீவனங்களும் விற்பனைக்கு வருகின்றன. கால்நடை மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் அந்த வழியில் இறங்க வேண்டாம். வீட்டுச் சமையல் எந்த விதத்திலும் அதற்கு ஈடாகாது.

நாய் வேறு வகை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான ஒரு மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருக்கிறது. நாயிடம் நான்கு முதல் முப்பது பிரதிகள் வரை இருக்கிறது என்று 2013-இல் கண்டறிந்தார்கள். மனிதர்கள் பயிரிடத் தொடங்கிய காலத்தில் அவர்களுடைய மிச்சத்தைத் தின்று வளர்ந்ததன் அடையாளம் அது. சோறு நாய்க்குச் செரிக்கும். உப்பும் தாளிப்பும் இல்லாத சோறு, குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கேரட், பீன்ஸ், வெறும் இட்லி, விதை நீக்கிய ஆப்பிள், விதை எடுத்த தர்பூசணி, ஒரு துண்டு வாழைப்பழம் ஆகியவற்றைப் பயமில்லாமல் கொடுக்கலாம். தேங்காய்த் துருவல் ஒரு சிட்டிகை போதும், கொழுப்பு அதிகம். இவையெல்லாம் பகிர்ந்து கொடுக்கும் தின்பண்டங்கள் மட்டுமே. நாயின் ஒருநாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. மீதி ஒன்பது பங்கும் புரதமும் பி12 உள்ளிட்ட வைட்டமின்களும் தாதுக்களும் கணக்கிட்டுச் சேர்த்த முழுமையான நாயுணவாக இருக்க வேண்டும்.

இனி புளிக்கு வருகிறேன்.

என் பெரியம்மா வீட்டில் ஒரு செவலை நாய் இருந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் பெரியம்மா ஒரு அலுமினியத் தட்டில் சோற்றைப் போட்டு, நடுவில் குழி செய்து, ரசத்தை ஊற்றிப் பிசைவார். சூடு ஆறிவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தட்டைக் கீழே வைப்பார். அதைவிடப் பரிவான காட்சியை நான் அதிகம் கண்டதில்லை. அந்தத் தட்டைப் பற்றி இன்று யோசிக்கும்போது மனம் கனக்கிறது.

திராட்சையும் உலர்திராட்சையும் தின்ற சில நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது என்பதை அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2001-இலேயே எழுதிவிட்டார்கள். எதனால் என்பது மட்டும் பிடிபடவில்லை. பூச்சிமருந்தா, பூஞ்சை நஞ்சா என்று தேடினார்கள். ஒரு நாய் ஒரு கொத்துத் திராட்சையைத் தின்றுவிட்டு வாலாட்டிக்கொண்டு ஓடும். இன்னொன்று அதே அளவு தின்றுவிட்டு மூன்றாம் நாள் சிறுநீர் பிரியாமல் படுத்துவிடும். இருபது ஆண்டுகள் இப்படியே போயின.

பிறகு ஒரு நாய், குழந்தைகள் விளையாட வீட்டிலேயே பிசைந்து வைத்திருந்த வண்ண மாவைத் தின்றுவிட்டது. அதற்கும் திராட்சை தின்ற நாய்க்கு வரும் அதே பாதிப்பு. அந்த மாவில் கிரீம் ஆஃப் டார்ட்டர் என்ற பொடி கலந்திருந்தது. அது டார்ட்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு. ஒயின் பீப்பாய்களின் அடியில் படியும் பொருள். திராட்சையில் நிறைய இருப்பதும் இதே அமிலம். புளி தின்ற நாய்களும் அதே விதமாகப் பாதிக்கப்பட்ட பதிவுகள் கிடைத்தன. மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி, குற்றவாளி டார்ட்டாரிக் அமிலம்தான் என்று நஞ்சியல் மருத்துவர்கள் 2021-இல் முன்வைத்தார்கள். திராட்சையின் வகைக்கும் பழுத்த பக்குவத்துக்கும் தக்கபடி இந்த அமிலத்தின் அளவு மாறும். ஒரு நாய் தப்பி இன்னொரு நாய் மாட்டிக்கொண்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

தாவர உலகில் இந்த அமிலத்தை இவ்வளவு தாராளமாகச் சேர்த்துவைப்பவை மிகச் சில. திராட்சையில் அது இரண்டு சதவீதத்தைத் தாண்டுவது அரிது. புளியின் சதையில் 8 முதல் 18 சதவீதம் வரை இருக்கிறது. எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக் அமிலத்தால் வருவது. தக்காளியிலும் பெரும்பாலும் அதுதான். நாக்குக்கு எல்லாம் ஒரே புளிப்பாகத் தோன்றினாலும் சிறுநீரகத்துக்கு அவை வேறு வேறு.

சரி, நாம் காலங்காலமாகப் புளிக்குழம்பு சாப்பிடுகிறோமே, நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

சிறுநீரகத்தில் நெஃப்ரான்கள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதன் நுண்குழலைச் சுற்றி ஒற்றை வரிசையாகச் செல்கள் நிற்கின்றன. ஒவ்வொரு செல்லையும் இரண்டு வாசல் உள்ள ஒரு வீடாக எண்ணிக்கொள்ளுங்கள். கொல்லைப்புறம் இரத்தம் ஓடுகிறது, தெருப்புறம் சிறுநீர் ஓடுகிறது. இரத்தத்தில் வரும் கரிம அமிலங்களைக் கொல்லை வாசலில் நிற்கும் கடத்துப் புரதங்கள் பிடித்து உள்ளே இழுத்துப் போடுகின்றன. தெரு வாசலில் நிற்கும் வேறு புரதங்கள் அவற்றை வெளியே தள்ளுகின்றன. மனிதச் செல்லின் தெரு வாசலில் ஓஏடி-4 என்ற புரதம் இருக்கிறது. நாயின் செல்லில் அது இல்லை. கொல்லை வழியாக டார்ட்டாரிக் அமிலம் வந்துகொண்டே இருக்கிறது. போக வழி இல்லை. செல்லுக்குள் குவிந்து குவிந்து, கடைசியில் அந்தச் செல்லே சாகிறது.

கேட்க அழகாக இருக்கும் விளக்கங்கள் எல்லாம் உண்மையாகிவிடாது. இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 1958-இல் ஒரு காக்கர் ஸ்பானியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செல்களின் மீது டார்ட்டாரிக் அமிலத்தைச் சேர்த்தபோது அவை பாதிக்கப்பட்டன. மனிதச் சிறுநீரகச் செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாயின் செல்லில் உள்ளே இழுக்கும் வாசலை ஒரு மருந்தால் அடைத்துவிட்டால் நஞ்சு ஏறவில்லை. அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகப் பிடித்தது. மனிதனின் ஓஏடி-4 மரபணுவை நாயின் செல்லுக்குள் வைத்தார்கள். இல்லாத கதவைச் செய்து மாட்டினார்கள். அந்தச் செல் பிழைத்துக்கொண்டது. 2023-இல் வெளியான முடிவு இது.

அப்படியானால் பெரியம்மா ஊற்றிய ரசம் நஞ்சா? அளவைப் பார்க்க வேண்டும். எலுமிச்சை அளவு புளி என்பது சுமார் 30 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் இரண்டரை முதல் ஐந்தரை கிராம் வரை அமிலம் இருக்கலாம். அதைக் கரைத்து வீடு முழுவதும் சாப்பிடுகிறோம். நாயின் தட்டுக்கு ஒரு கரண்டிதான் போகிறது. தெளிந்த ரசத்தைவிடக் கெட்டியான புளிக்காய்ச்சலும், புளியோதரையும், குழந்தைகள் சப்பிவிட்டுக் கீழே போடும் புளி மிட்டாயும், ஜாடியிலிருந்து உருண்டு விழும் புளி உருண்டையும்தான் பெரிய ஆபத்து. நாய் சிறியதாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இருந்தாலும் கதவில்லாத வீட்டுக்குள் தினமும் ஒரு கரண்டி எதற்கு? நான் நிறுத்திவிடுவேன். தேங்காய்ப்பால் பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சைக்கும் இதே தடைதான்.

வெங்காயத்தையும் பூண்டையும் விட்டுவிட முடியாது. அவற்றின் கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தாக்குகின்றன. அப்படித் தாக்குவதற்கு இடங்கொடுக்கும் கந்தக முனைகள் மனித ஹீமோகுளோபினில் இரண்டு, நாயில் நான்கு, பூனையில் எட்டு. சிதைந்த புரதம் சிவப்பணுவின் ஓரத்தில் குமிழாகப் புடைத்து நிற்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஹைன்ஸ் உருவம் என்று அதற்குப் பெயர். அப்படிப்பட்ட அணுக்களை உடல் அழித்துவிடுவதால் இரத்தசோகை வருகிறது. வேகவைத்தாலும் வதக்கினாலும் இந்த நஞ்சு போகாது. சின்ன வெங்காயச் சாம்பார் ஊற்றிய சோறு புளி, வெங்காயம் என இரண்டு வகையில் தவறு. சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத இனிப்புகளில் சேர்க்கும் சைலிட்டாலும் நாய்க்கு ஆகாது என்பது பலருக்கும் தெரிந்ததே.

உண்ணி அண்டாது, வயிற்றுப்பூச்சி சாகும் என்று நாய்க்குப் பூண்டு நசுக்கிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். பூச்சிக்கு மருந்துக் கடையில் மாத்திரை இருக்கிறது. “தெருநாய் எதைத் தின்றாலும் செரித்துவிடும்” என்ற நம்பிக்கையும் எனக்கு வருத்தம் தருகிறது. பிழைத்த நாயைத்தான் நாம் பார்க்கிறோம். இரண்டு நாள் வாந்தியெடுத்து ஏதோ ஒரு லாரிக்கு அடியில் ஒதுங்கிச் செத்துப்போன நாயின் இரத்தத்தில், சிறுநீரகம் கெட்டால் ஏறும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் எவ்வளவு என்று யாரும் பரிசோதிப்பதில்லை.

இந்தக் கண்டுபிடிப்புக்கான துப்பு அமெரிக்காவில் ஒரு குழந்தையின் விளையாட்டு மாவிலிருந்து கிடைத்திருக்கிறது. புளியை மூட்டையாக வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவைக்கும் ஊர் நம்முடையது. வீட்டுக்கு வீடு நாய்த் தட்டில் சாம்பார் சோறு விழுகிறது. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னையில் இருக்கிறது. சிறுநீரகம் கெட்டு வரும் நாய்களின் சாப்பாட்டை முறையாகக் கேட்டுப் பதிவு செய்ய ஒரு கணினியும் இரண்டு முதுநிலை மாணவர்களும் சில ஆண்டுகளுக்கான உதவித்தொகையும் போதும். அந்தப் பணத்தை அரசு ஒதுக்க வேண்டும். புளியைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்க நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

கோவை வாசகிக்கு: சோறு வடித்ததும், குழம்பு ஊற்றுவதற்கு முன், நாயின் பங்கைத் தனியே எடுத்துவைத்துவிடுங்கள். அதோடு பருப்பையும் பூசணியையும் தாளிப்பதற்கு முன்பே ஒரு கரண்டி எடுத்துச் சேருங்கள். பூனையை அடுத்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் சென்று கண்ணையும் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நாய் எப்போதாவது புளியையோ திராட்சையையோ தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் வாந்தியெடுக்க வைத்து, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். முதல் நாள் இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். கிரியாட்டினின் தாமதமாகத்தான் ஏறும்.