நாடா கட்டும் இடத்தில் ஆறாத புண்

"இடுப்புல அரிப்பு, ஒரு ஆயின்மென்ட் எழுதிக் குடுங்க டாக்டர்" என்றார் அந்த அம்மா. அறுபதைத் தாண்டியவர், களை எடுக்கப் போகிறவர். பார்க்க வேண்டும் என்றதும் கூசினார். கூட வந்த மகள் வற்புறுத்திய பிறகுதான் உள்பாவாடை நாடாவைத் தளர்த்தினார்.

நாடா இருந்த இடம் வாய்க்கால் போலப் பள்ளமாகியிருந்தது. சுற்றிலும் கறுத்துத் தடித்து, செதில் உதிரும் தோல். முடிச்சு விழும் இடத்தில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு புண், ஓரமெல்லாம் மேடிட்டு. "போன பொங்கலுக்கு முந்தியே வந்துச்சு. மஞ்சப்பத்துப் போட்டா காயும், திரும்ப வந்துரும்." அந்தப் புண் மேலேயே தினமும் நாடாவை இறுக்கிக் கட்டியிருக்கிறார்.

புண்ணிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில் செதிள் செல் புற்றுநோய், அதாவது ஒருவகைத் தோல் புற்று என்று வந்தது. நல்லவேளை, பரவவில்லை. அறுவை சிகிச்சையோடு முடிந்தது.

இடுப்பில் கறுத்த தடம் இல்லாத பெண்கள் நம் ஊரில் குறைவு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், புற்றாக மாறுவது மிக அரிது. ஆனால் வருடக்கணக்கில் நாடா உராய்ந்து, வியர்வையில் ஊறி, புண்ணாவதும் ஆறுவதுமாக இருக்கும் தோலில் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. அதில் பிழைகள் சேர்ந்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் புற்று வேர் பிடிக்கலாம்.

இது புதிதும் அல்ல. வேட்டியை இறுக்கிக் கட்டுவதால் இடுப்பில் வரும் புற்றைப் பற்றி 1945-லேயே கனோல்கர், சூர்யாபாய் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2024-இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில், நாடா கட்டும் இடத்தில் புற்று வந்த இரண்டு பெண்களைப் பற்றிய குறிப்பு வந்தது. அவர்களில் ஒருவருக்குத் தொடையிடுக்கு நெறிக்கட்டிவரை பரவியிருந்தது.

சேலை மேல் குற்றமில்லை. கயிறு போன்ற மெல்லிய நாடாவும் இறுக்கமும்தான் தோலை அறுக்கின்றன. அகலப் பட்டை வைத்துத் தைத்த பாவாடை போதும். முடிச்சை ஒரே இடத்தில் போடாதீர்கள், கட்டும் உயரத்தையும் அவ்வப்போது மாற்றுங்கள், வீட்டில் இருக்கும்போது தளர்த்திவிடுங்கள். நான்கு வாரத்தில் ஆறாத புண், தொட்டால் ரத்தம் கசியும் புண், ஓரம் கெட்டிப்பட்ட புண் எதற்கும் மெடிக்கலில் களிம்பு கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டு காலம் தள்ளாதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டி, துணுக்குப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

அம்மாவோ பாட்டியோ இடுப்பைத் தாமாகக் காட்ட மாட்டார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துவிடும் நாளில், நாடாவைத் தளர்த்தச் சொல்லி நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.