அப்பொசிட்டிவ்: ஒரு பொருளுக்கு ஒட்டி வரும் இரண்டாம் பெயர்

மலையகத்தில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளிடம் இந்த வாக்கியத்தைக் கொடுத்துப் பாருங்கள்: "ஜேம்ஸ் டெய்லர், அ ஸ்கொட்டிஷ் பிளான்டர், பிளான்டட் டீ அட் லூல்கந்துர இன் 1867." தேயிலை பயிரிட்டவர் எத்தனை பேர் என்று கேட்டால், ஒரு பிள்ளையாவது இரண்டு பேர் என்று சொல்லும். டெய்லர் ஒருவர், ஸ்கொட்லாந்துத் துரை இன்னொருவர். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. 'அண்ணன், அக்கா, தம்பி' என்று எழுதும்போது கொமா ஆட்களைப் பிரிப்பதைத்தான் அது சின்ன வகுப்பிலிருந்து பார்த்து வந்திருக்கிறது. இங்கே அதே கொமா ஒரே ஆளைப் பற்றிய இரண்டு பெயர்களுக்கு நடுவில் நிற்கிறது.

அந்த இரண்டாவது பெயர்த்தொடருக்குத்தான் அப்பொசிட்டிவ் என்று பெயர். ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்திலேயே நின்று, அதே ஆளை அல்லது பொருளை வேறொரு பெயரால் சொல்வது. பக்கத்தில் நின்றால் மட்டும் போதாது, இரண்டும் ஒன்றையே சுட்ட வேண்டும். 'டோல் ட்ரீ' (உயரமான மரம்) என்பதில் 'டோல்' மரத்தின் பண்பைச் சொல்கிறதே தவிர மரத்துக்கு இன்னொரு பெயராக நிற்கவில்லை. ஆகவே அது அப்பொசிட்டிவ் ஆகாது.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'பொனேரே' என்றால் வைத்தல். 'அட்' என்பது 'நோக்கி, அருகே' என்ற பொருள் தரும் முன்னொட்டு. இரண்டும் சேரும்போது 'ட்' என்ற ஒலி அடுத்த எழுத்தோடு கரைந்து 'அப்பொனேரே' ஆகிறது: அருகே வைத்தல். 'பொசிஷன்', 'டிபொசிட்', 'ஒப்பொசிட்' எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. 'ஒப்பொசிட்' என்பதன் முன்னொட்டு 'ஒப்', எதிரே என்று பொருள். எதிரே வைத்தது ஒப்பொசிட், அருகே வைத்தது அப்பொசிட். காதில் ஒன்றுபோல விழுவதால் மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னொட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இனித் தமிழுக்கு வருவோம். அப்பொசிட்டிவ் ஆங்கிலத்துக்கே உரிய விசித்திரம், தமிழில் அப்படி ஒன்று இல்லை என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. அது தவறு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில், "ஒருபொருள் குறித்த வேறுபெயர்க் கிளவி தொழில்வேறு கிளப்பின் ஒன்றிடன் இலவே" என்று ஒரு நூற்பா இருக்கிறது. ஒரே ஆளைக் குறிக்கும் பல பெயர்கள் வரும்போது, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வினையைக் கொடுத்துவிட்டால் அவை ஓர் ஆளைக் குறிப்பனவாக இரா என்பது கருத்து. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம்: "ஆசிரியன் பேரூர்கிழான் செயிற்றியன் இளங்கண்ணன் சாத்தன் வந்தான்." எத்தனை பெயர்! தொழிலால் ஒன்று, ஊரால் ஒன்று, இயற்பெயர் ஒன்று என அடுக்கி, முடிவில் 'வந்தான்' என்ற ஒரே வினை. அந்த ஒற்றை வினைதான் வந்தவன் ஒருவன் என்று கட்டிக் காட்டுகிறது. 'ஆசிரியன் வந்தான், பேரூர்கிழான் உண்டான்' என்று வினையைப் பிரித்தால் இரண்டு ஆள் ஆகிவிடும். தேயிலைத் துரை ஒருவரா இருவரா என்று நம் பிள்ளை திணறுகிறதே, அந்தக் கேள்வியைத்தான் தொல்காப்பியர் எடுத்து விதி சொல்லியிருக்கிறார். வகுப்பில் இந்த நூற்பாவை ஒருமுறை சொல்லிவிட்டு டெய்லரின் வாக்கியத்துக்கு வாருங்கள். 'பிளான்டட்' என்ற வினை ஒன்றுதானே இருக்கிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்.

நன்னூல் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறது. திணை, நிலம், சாதி, குடி, உடைமை, குணம், தொழில், கல்வி ஆகியவற்றால் வரும் சிறப்புப் பெயர்கள் இயற்பெயரோடு சேரும்போது, இயற்பெயர் "பின்வரல் சிறப்பே" என்கிறது. அதாவது பட்டமும் தொழிலும் முன்னால், ஆளின் பெயர் பின்னால். இன்றும் நாம் அப்படித்தான் எழுதுகிறோம். மடக்கும்புர தோட்டத்தில் 1914 இல் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற கவிஞரை 'மக்கள் கவிமணி சி.வி. வேலுப்பிள்ளை' என்கிறோம். 'சி.வி. வேலுப்பிள்ளை மக்கள் கவிமணி' என்று திருப்பினால் அது பெயராக நிற்காமல் ஒரு முழு வாக்கியம் ஆகிவிடுகிறது: வேலுப்பிள்ளை மக்கள் கவிமணி ஆவார். 'மலையகத் தலைநகர் கண்டி' என்பதும் இதே வரிசைதான்.

தோட்டத்துப் பேச்சில் தலைகீழான வரிசையும் உண்டு: முத்தையா கங்காணி, லெட்சுமி டீச்சர், பழனி மாமா. நன்னூல் பின்வருவதைச் சிறப்பு என்றதே ஒழிய, முன்வருவதை விலக்கவில்லை. மரியாதைக்கும் உறவுக்கும் உரிய சொல் பெயரின் பின்னால் ஒட்டும், அடையாளம் சொல்லும் சொல் பெயரின் முன்னால் நிற்கும் என்று பொதுவாகச் சொல்லலாம். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போய் 'லெட்சுமி டீச்சர் கேம்' என்று எழுதினால் அங்கே எடுபடாது. 'மை டீச்சர், லெட்சுமி, கேம்' என்றோ 'லெட்சுமி, மை டீச்சர், கேம்' என்றோ எழுத வேண்டும்.

தமிழ்ப் பெயர் என்ன வைப்பது? 'இருபெயரொட்டு' என்பதே என் தெரிவு. சாரைப்பாம்பு, பலாமரம், மாசி மாதம் என்று பொதுப்பெயரும் சிறப்புப்பெயரும் ஒரே பொருளைக் குறித்து இணைவதை இருபெயரொட்டுப் பண்புத்தொகை என்று பத்தாம் வகுப்புக்கு முன்னரே படித்துவிடுகிறோம். விரித்தால் 'சாரையாகிய பாம்பு'. ஆங்கிலத்தின் அப்பொசிட்டிவ் இதைவிட அகலமானது, ஒரு சொல்லாக மட்டும் இன்றி நீண்ட தொடராகவும் வரும். ஆனால் அடிப்படை உறவு ஒன்றே, இரண்டையும் 'ஆகிய' என்ற சொல்லால் இணைத்துக் காட்டலாம். ஆகவே அந்த உறவை இருபெயரொட்டு என்றும், ஒட்டி நிற்கும் இரண்டாம் பெயரை ஒட்டுப்பெயர் என்றும் சொல்வது தெளிவு. இதைப் பெயரடை என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். பெயரடை என்பது 'டோல் ட்ரீ'யின் 'டோல்' போன்றதற்கு ஏற்கெனவே வழங்கும் பெயர். அதையே இதற்கும் வைத்தால் முதலில் பிரித்துக் காட்டிய வேறுபாடு அழிந்துபோகும். 'இணைமொழி'யும் ஆகாது, அது 'அக்கம் பக்கம்', 'மேடு பள்ளம்' போன்றவற்றுக்கு உரியது.

'ஆகிய' என்பதில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு கொமாக்கள் செய்யும் வேலையைத் தமிழில் 'ஆன', 'ஆகிய', 'என்ற' என்னும் சொற்கள் செய்கின்றன. 'பிதுருதலாகல, த ஹையஸ்ட் மவுன்டன் இன் ஸ்ரீ லங்கா, இஸ் நியர் நுவரெலியா' என்ற வாக்கியத்தைப் பலர் இப்படி மொழிபெயர்க்கிறார்கள்: 'பிதுருதலாகல, இலங்கையின் மிக உயரமான மலை, நுவரெலியாவுக்கு அருகில் உள்ளது.' எழுத்துகள் தமிழ், நடை தமிழ் அல்ல. சத்தமாக வாசித்தால் நடுவில் மூச்சு முட்டும். 'இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகல நுவரெலியாவுக்கு அருகில் உள்ளது' என்றால் சரி. விளக்கம் முன்னே போகிறது, பெயர் பின்னே வருகிறது, கொமாவே தேவைப்படவில்லை. பத்திரிகைக்குச் செய்தி மொழிபெயர்ப்பவர்கள் இதை ஒன்றைக் கவனித்தாலே நடை பாதி திருந்திவிடும்.

ஆங்கிலத்துக்குப் போகும்போது மறுபுறத்துச் சிக்கல். அங்கே கொமா எல்லா இடத்திலும் வராது. 'மை பிரதர் ராஜா வேர்க்ஸ் இன் ஹட்டன்' என்றும், 'மை பிரதர், ராஜா, வேர்க்ஸ் இன் ஹட்டன்' என்றும் எழுதலாம். கொமா இல்லாவிட்டால், எனக்குப் பல சகோதரர்கள், அவர்களுள் ராஜா என்பவன் என்று பொருள். பெயரை எடுத்துவிட்டால் யாரைச் சொல்கிறேன் என்று தெரியாது. கொமா இருந்தால் எனக்கு ஒரே சகோதரன், அவன் பெயர் ராஜா என்பது கூடுதல் தகவல். முதலாவதைப் பிரித்துக்காட்டும் ஒட்டுப்பெயர் என்றும், இரண்டாவதை விளக்கும் ஒட்டுப்பெயர் என்றும் சொல்லலாம். தமிழில் 'என் தம்பி ராஜா' என்ற ஒரே தொடர் இரண்டுக்கும் பொருந்திவிடுவதால், எழுதுவதற்கு முன் நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தப் பெயரை எடுத்துவிட்டால் ஆள் யார் என்று இன்னும் தெரியுமா? தெரியும் என்றால் கொமா, தெரியாது என்றால் வேண்டாம். 'மை வைஃப் செல்வி' என்பது போன்ற குறுந்தொடர்களில் ஆங்கிலேயரே கொமாவை விட்டுவிடுவதுண்டு, அதைப் பெரிய பிழையாக யாரும் எடுப்பதில்லை. நீண்ட தொடரில் விடக் கூடாது.

அதைவிடக் கூடுதலாக நான் காணும் பிழை, முதல் கொமாவைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறப்பது. 'ஜேம்ஸ் டெய்லர், அ ஸ்கொட்டிஷ் பிளான்டர் பிளான்டட் டீ' என்று எழுதினால், வாக்கியத்துக்கு எழுவாய் டெய்லரா பிளான்டரா என்று வாசிப்பவர் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். நடுவில் வரும் ஒட்டுப்பெயருக்கு இருபுறமும் கொமா வேண்டும். வாக்கியத்தின் கடைசியில் வந்தால் முன்னால் ஒன்று போதும், பின்னால் முற்றுப்புள்ளி இருக்கிறது.

கொமா போட்டும் தீராத இடம் ஒன்று உண்டு. 'ஐ மெட் முத்தையா, த யூனியன் லீடர், அன்ட் த டிஸ்பென்சர்.' சந்தித்தது இரண்டு பேரையா, மூன்று பேரையா? முத்தையாதான் தலைவர் என்றால் இரண்டு, தலைவர் வேறு ஆள் என்றால் மூன்று. வாக்கியத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. தமிழ் இங்கே தெளிவாக இருக்கிறது. 'தலைவர் முத்தையாவையும் டிஸ்பென்சரையும் சந்தித்தேன்' என்றால் இருவர். 'முத்தையாவையும் தலைவரையும் டிஸ்பென்சரையும் சந்தித்தேன்' என்றால் மூவர். வேற்றுமை உருபும் 'உம்'மும் ஒட்டில் கடைசிப் பெயருக்கு மட்டும் வரும், தனி ஆட்கள் என்றால் ஒவ்வொருவருக்கும் வரும். ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் இந்த 'உம்' வரிசையை மனதில் அமைத்துப் பார்த்து, இருவர் என்றால் 'த யூனியன் லீடர், முத்தையா' என்று திருப்பாமல், 'முத்தையா, ஹூ இஸ் த யூனியன் லீடர்,' என்று விரித்து எழுதிவிடுவதே நல்லது. பட்டியலே ஒட்டாக வந்தால் கொமாவுக்குப் பதிலாக முக்காற்புள்ளியோ நீள்கோடோ போடலாம். 'மத்திய மாகாணத்தின் மூன்று மாவட்டங்களான கண்டி, மாத்தளை, நுவரெலியா' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'மாவட்டங்கள்' என்ற சொல்லுக்குப் பின் அப்படி ஒன்று இல்லாவிட்டால் கொமாக்கள் ஒன்றோடொன்று மோதும்.

'ஆஃப்' என்ற சொல் வரும் ஒட்டும் உண்டு. 'த சிட்டி ஆஃப் கண்டி', 'த மன்த் ஆஃப் ஏப்ரல்'. 'ஆஃப்' என்றதும் 'இன்', 'உடைய' என்று போட்டுக் 'கண்டியின் நகரம்', 'ஏப்ரலின் மாதம்' என எழுதினால் பொருள் கெட்டுவிடும். நகரமும் கண்டியும் ஒன்றே, கண்டிக்குச் சொந்தமான நகரம் என்று ஒன்று தனியாக இல்லை. கண்டி நகரம், ஏப்ரல் மாதம் என்பதே சரி. சிங்களமும் இதில் தமிழைப்போலவே பெயரை முன்னிறுத்தி வகையைப் பின்னிறுத்தும்: மகாவலி கங்க. 'கங்க' என்றாலே ஆறு என்பதால், 'மகாவலி கங்கை ஆறு' என்று எழுதினால் ஆறு இரண்டு தடவை வந்துவிடும்.

'த நியூஸ் தட் த ரோட் இஸ் குளோஸ்ட்' போன்ற இடங்களில் ஒரு முழு வாக்கியமே செய்திக்கு ஒட்டாகிறது. தமிழில் அதற்கு 'என்ற' போதும்: பாதை மூடப்பட்டது என்ற செய்தி.

கடைசியாக, மேடைகளில் அடிக்கடி கேட்கும் 'மலையகத் தமிழராகிய நாம்'. இதை ஆங்கிலத்தில் 'வி மலையக டமில்ஸ்' என்று கொமா இல்லாமல் எழுத வேண்டும், பிரதிப்பெயர் முன்னே வரும். 'தொழிலாளராகிய எங்களுக்கு' என்று வேற்றுமை ஏறும்போதுதான் தவறு நடக்கிறது. 'தே ப்ரொமிஸ்ட் வி வேர்க்கர்ஸ்' என்று எழுதுகிறார்கள். 'வேர்க்கர்ஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்: 'தே ப்ரொமிஸ்ட் வி' என்று யாரும் சொல்லமாட்டார்கள், 'அஸ்' என்பார்கள். ஆகவே 'தே ப்ரொமிஸ்ட் அஸ் வேர்க்கர்ஸ்'. தமிழில் 'எங்களுக்கு', 'எங்களை' வந்தால் ஆங்கிலத்தில் 'அஸ்', 'நாங்கள்' வந்தால் 'வி'.