எட்டு தடவை உருட்டினால் தாயம் விழுமா?

தேவகோட்டையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்புன்னு கணக்கு சார் சொன்னார். எங்க ஆயா எட்டு தடவை உருட்டியும் விழலை. கணக்கு தப்பா, கட்டை தப்பா?"

நல்ல கேள்வி. முதலில் அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் கிடக்கும் நீளமான பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டைக்கு நான்கு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு முகம் வெறுமை. இரண்டு கட்டை உருட்டி, வெறுமையும் ஒன்றும் விழுந்தால் தாயம். நமக்கு வேண்டிய விளைவுகளை மொத்த விளைவுகளால் வகுத்தால் நிகழ்தகவு. இது பாடத்தில் இருப்பதுதான்.

மொத்தம் எத்தனை என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஜோடிகளை எழுதிப் பார்த்தால் பத்துதான் வரும், அதில் தாயம் ஒன்று. அப்படியானால் பத்தில் ஒன்றா? இல்லை. ஒரு கட்டையின் நுனியில் கொஞ்சம் குங்குமம் தடவுங்கள். இப்போது குங்குமக் கட்டையில் வெறுமை, மற்றதில் ஒன்று என்பது ஒரு விளைவு. குங்குமக் கட்டையில் ஒன்று, மற்றதில் வெறுமை என்பது வேறொரு விளைவு. தாயத்துக்கு இரண்டு வழி. ஆனால் ஆறு விழ மூன்றும் மூன்றும் என்ற ஒரே வழிதான். குங்குமத்தைத் துடைத்துவிட்டாலும் கட்டைகள் விழும் விதம் மாறப்போவதில்லை. ஆக மொத்தம் 4 × 4 = 16, தாயம் 2/16, அதாவது 1/8. எனக்கு இந்தக் கணிதத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பிரெஞ்சு அறிஞர் தாலம்பேர் 1754இல் இரண்டு நாணயம் சுண்டும் கணக்கில் இதே போன்ற இடத்தில்தான் தவறினார். சம வாய்ப்பில்லாதவற்றைச் சமமாக எண்ணிவிட்டார்.

பந்தய மொழியில் சொன்னால், தாயத்துக்குச் சாதகம் 1, பாதகம் 7.

சரி, ஆயாவுக்கு வருவோம். ஒரு தடவை விழாமல் போக வாய்ப்பு 7/8. அதை எட்டு முறை பெருக்கினால் சுமார் 0.34. எட்டெட்டு தடவையாக உருட்டும் மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இப்படித்தான் ஆகும். ஒன்பதாவது உருட்டிலும் வாய்ப்பு அதே 1/8. முன்பு என்ன விழுந்தது என்று கட்டைக்குத் தெரியாது. "அவளுக்குக் கை ராசி இல்லை" என்று சிறுபிள்ளைகளை ஆட்டத்தில் ஒதுக்குவது எனக்குக் கோபம் வரவைக்கும் பழக்கம். அந்த ராசிக்கு இந்தக் கணக்கில் எங்கும் இடமில்லை.

கட்டை மேல் சந்தேகம் வருவது மட்டும் நியாயம். நான்கு முகமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டுதான் 1/8 சொன்னோம். தேய்ந்த பழைய கட்டை அப்படி இல்லாமலும் இருக்கலாம். 160 தடவை உருட்டி எண்ணுங்கள். எதிர்பார்ப்பு 20 தாயம். 12 முதல் 28 வரை வந்தால் கட்டையைக் குறை சொல்ல முடியாது.